வெற்றுச் சாளரத்தின் விசாரணை

கணிப்பொறியில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை வாய் உள்ளவை. எழுத்துப் பிழையோடு ஒரு நிரலை எழுதினால், இன்ன வரியில் இன்ன குற்றம் என்று அது சொல்லிவிடும்; இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னால், அப்படியொரு கோப்பு இல்லை என்று மறுமொழி தரும். சித்திரம் தோன்றாமற் போவதோ பெரும்பாலும் ஊமைப் பிழை. சாளரம் திறக்கிறது; தலைப்புப் பட்டை இருக்கிறது; மூடுவதற்குரிய பெருக்கற்குறியும் தன் மூலையில் இருக்கிறது; சித்திரம் இருக்கவேண்டிய நடுவிடத்தில் மட்டும் வெண்மையோ கருமையோ சாம்பல் நிறமோ பரந்து கிடக்கிறது. கோயம்புத்தூர்க் காந்திபுரத்தில் கணிப்பொறி பழுது பார்க்கும் கடைகளின் முன்னே சற்று நின்றால், "புரோகிராம் ஓப்பன் ஆகுதுங்க, படந்தான் வரமாட்டீங்குதுங்க" என்ற முறையீட்டைக் கேட்கலாம். விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்பது கடைக்காரர் வழக்கமாகச் சொல்லும் பரிகாரம். அதனால் படம் வந்துவிடுவதும் உண்டு, இருந்த படமும் போய்விடுவதும் உண்டு. ஏன் வரவில்லை, பிறகு ஏன் வந்தது என்பது மாத்திரம் இருவருக்கும் விளங்காமலே போகிறது. அந்த 'ஏன்' என்பதே இவ்வத்தியாயத்தின் விஷயம்.

காகிதத்திலும் சுவரிலும் வரைந்து பழகிய மனிதனுக்கு, வரைந்த கோடு அழிக்கப்படும்வரை அங்கேயே நிற்கும் என்ற நம்பிக்கை இயல்பாக அமைந்துவிட்டது. கணிப்பொறித் திரையில் இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. சாளரம் என்பது தன்மேல் வரையப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் பொருளன்று. திரையின் ஒரு பகுதியின்மீது ஒரு நிரலுக்கு அளிக்கப்பட்ட தற்காலிக அனுபோக உரிமையே அது. வேறொரு சாளரம் மேலே வந்து விலகினாலும், சுருக்கிப் பின் விரித்தாலும், அளவை மாற்றினாலும், அவ்விடத்துச் சித்திரம் அழிந்துபோகும் என்பதே பழைய நியதி. அப்போது இயங்குதளம் நிரலை நோக்கி, உன் இடம் பழுதாயிற்று, மீண்டும் வரை என்று ஓர் ஆணை அனுப்புகிறது. நிரலும் மறுபடி வரைகிறது. நம் கண்ணுக்கு அசையாது நிற்பதாகத் தோன்றும் சித்திரம், உண்மையில் கேட்டபோதெல்லாம் திரும்பத் திரும்ப வரையப்பட்டுக் கொண்டிருக்கும் சித்திரம். ஆகவே வரைவது என்பது இங்கே ஒருமுறை செய்து முடிக்கும் காரியமன்று, கேட்கும் க்ஷணத்திலெல்லாம் நிறைவேற்ற வேண்டிய நித்தியக் கடமை. வெற்றுச் சாளரங்களுள் மிகப் பல, அக்கடமை எங்கோ ஓரிடத்தில் தவறியதன் அடையாளங்கள்.

இத்தகைய சுற்றுவழியை ஏன் வகுத்தார்கள் என்றால், நினைவகத்தின் வறுமையே காரணம். 1973-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஆல்டோ என்னும் கணிப்பொறியின் திரை, அகலத்தில் 606 புள்ளிகளும் உயரத்தில் 808 புள்ளிகளும் கொண்டது. புள்ளிக்கு ஒரு பிட் வீதம் கணக்கிட்டால், திரை முழுவதையும் ஒருமுறை நினைவில் வைப்பதற்கே ஏறத்தாழ 61,000 பைட்டுகள் வேண்டும். அப்பொறியின் மொத்த நினைவகமோ 128 கிலோபைட். ஒரே திரைக்குப் பாதி நினைவகம் செலவாகும்போது, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் சாளரங்களுக்குத் தனித்தனியே பிரதி வைத்துக்கொள்வது எங்ஙனம்? 1979-இன் இறுதியில் ஆப்பிள் நிறுவனத்தார் அவ்வாய்வுக்கூடத்தைப் பார்வையிட்டபோது, அவர்களுள் ஒருவரான பில் அட்கின்சன், அங்கே கண்ட சாளரங்கள் மறைப்பு நீங்கியவுடன் தம்மைத் தாமே செப்பனிட்டுக் கொள்வதாக எண்ணிவிட்டார். உண்மையில் அவை அவ்வாறு செய்யவில்லை. சொடுக்கினால்தான் மறுபடி வரைந்துகொண்டன. இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பிய அட்கின்சன், பிறரால் முடிந்தது நம்மாலும் முடியும் என்ற துணிவோடு உழைத்து, எவ்வளவு ஒழுங்கற்ற வடிவமாயினும் அதை ஒரு பிராந்தியமாகக் குறித்துக்கொண்டு, பழுதான பிராந்தியத்தை மட்டும் மீண்டும் வரையும் உபாயத்தைக் கண்டுபிடித்தார். 1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ், வெறும் 128 கிலோபைட் நினைவகத்தை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று மறைக்கும் சாளரங்களைக் காட்டியது அந்த உபாயத்தால்தான். தவறான அனுமானத்திலிருந்து உண்மை பிறக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பொறியியலில் சில சமயம் பிறந்துவிடுகிறது.

மைக்ரோசாஃப்ட் விண்டோஸும் இந்த நியதியையே மேற்கொண்டது. அங்கே மீள வரையச் சொல்லும் ஆணை, செய்தி வரிசையில் ஏறத்தாழக் கடைசியில் நிற்பது. விசைத் தட்டலும் சுட்டியின் அசைவும் வரிசையில் காத்திருக்கும் வரையில் அது நிரலின் கைக்கு வருவதில்லை. நிரலானது ஒரு நீண்ட கணக்கில் ஆழ்ந்து, வந்த செய்திகளை எடுத்துப் பார்க்காமலே இருந்துவிட்டால், வரைய வேண்டிய சித்திரம் தயாராக இருந்தும் திரைக்கு வராது. ஏறத்தாழ ஐந்து விநாடிகள் இவ்வாறு கழிந்தால், விண்டோஸ் அச்சாளரத்தைப் பதிலளிக்காதது என்று கருதி, அதன் ஸ்தானத்தில் ஒரு போலிச் சாளரத்தை நிறுத்தி, வெளுத்த முகத்தைக் காட்டுகிறது. எக்ஸ்பி காலத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பழகியவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும்: உறைந்துபோன சாளரத்தின்மேல் இன்னொரு சாளரத்தைப் பிடித்து இழுத்தால், இழுத்த வழியெல்லாம் அதன் அச்சு வரிசையாகப் பதிந்து நிற்கும். அது திரையின் கோளாறன்று. அழிந்த இடத்தை மீண்டும் வரைய வேண்டியவர் வரவில்லை என்பதன் பிரத்தியட்சச் சாட்சி. 2007-இல் விற்பனைக்கு வந்த விஸ்டா முதற்கொண்டு ஒவ்வொரு சாளரத்துக்கும் நினைவகத்தில் தனிப் பிரதி வைக்கும் ஏற்பாடு வந்து, அந்தக் காட்சி பெரும்பாலும் மறைந்தது. ஆயினும் முதன்முறை வரைவதும், அளவு மாறும்போது வரைவதும், உள்ளடக்கம் மாறும்போது வரைவதும் இன்றும் நிரலின் பொறுப்பே.

இந்நியதியை அறியாமல் தவித்த ஒரு தலைமுறை நம் பக்கத்தில் உண்டு. 1998-இல் வெளிவந்த விஷுவல் பேசிக் ஆறாம் பதிப்பைக் கற்று, மில்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் கணக்கு நிரல் எழுதப் புகுந்த இளைஞர்கள், படிவம் ஏற்றப்படும் தருணத்திலேயே கோடும் வட்டமும் வரையச் சொல்லிவிட்டு, படிவம் வெறுமையாய்த் திறப்பதைக் கண்டு திகைப்பார்கள். படிவம் திரைக்கு வருமுன்னரே வரைந்தாயிற்று. அது திரைக்கு வந்தபோது வரைவார் இல்லை. 'ஆட்டோரீட்ரா' என்னும் பண்பை உண்மை என்று மாற்றினால் படிவம் தன் சித்திரத்துக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளும்; இயல்பில் அப்பண்பு பொய் என்றே இருக்கும்.

இதற்கும் முந்தியது டர்போ சி காலம். கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945-இலும், பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இலும், கோயம்புத்தூர் தொழில்நுட்ப நிறுவனம் 1956-இலும் தோன்றிய பின்னர், 1984-இல் குமரகுருவும் பெருந்துறைக் கொங்குப் பொறியியற் கல்லூரியும் தொடங்கி, மேலும் பல கல்லூரிகள் எழுந்த கொங்குநாட்டில், கணிப்பொறி வரைகலை என்னும் பாடத்தை போர்லாண்டு நிறுவனத்தின் டர்போ சி கொண்டு பயிலாத பழைய மாணவரைக் காண்பது அரிது. அங்கே சித்திரம் வரைய, முதலில் 'இனிட்கிராஃப்' என்னும் கட்டளையால் வரைகலை நிலைக்கு மாறவேண்டும். அதற்குரிய இயக்கிக் கோப்பு, டிசி என்ற அடைவுக்குள் பிஜிஐ என்ற அடைவில் இருக்கும். அந்தப் பாதையை எழுதுவதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. சி மொழியில் பின்சாய்கோட்டை அடுத்துச் சின்ன 'டி' எழுத்து வந்தால் அது தத்தல் இடைவெளியாகவும், சின்ன 'பி' எழுத்து வந்தால் ஓரிடம் பின்னகரும் குறியாகவும் பொருள்படும். ஆகவே சாய்கோடுகளை இரட்டித்து எழுதாத மாணவர் டிசிக்கும் பிஜிஐக்கும் வழி சொன்னதாக நினைத்திருக்க, நிரலோ ஒரு தத்தலையும் ஒரு பின்னகர்வையும் பெற்று, அப்படியோர் அடைவு எங்கும் இல்லாமையால், வரைகலை தொடங்கப்படவில்லை என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும். தொடங்கியவுடன் 'கிராஃப்ரிசல்ட்' என்பதைக் கேட்டிருந்தால், இயக்கிக் கோப்பு கிடைக்கவில்லை என்னும் பொருளில் −3 என்று விடை வந்திருக்கும். கேட்கும் வழக்கம் ஆய்வகங்களில் வளரவில்லை. பக்கத்து மேசைக்காரரின் பாதையைப் பார்த்து எழுதும் வழக்கமே வளர்ந்தது. கடைசி வரியில், ஒரு விசைத் தட்டலுக்காகக் காத்திருக்கச் சொல்லும் 'கெட்ச்' இடாதவருக்கு இன்னொரு சோதனை காத்திருந்தது: சித்திரம் சரியாகவே வரையப்பட்டு, கண் இமைக்குமுன் நிரல் முடிந்து, நீலத் திரை திரும்ப வந்துவிடும். வந்த சித்திரத்தை வரவில்லை என்று சாதித்த மாணவர் எத்தனையோ பேர். பிற்காலத்தில் 64 பிட் விண்டோஸ் பரவியபோது, பதினாறு பிட் நிரலாகிய டர்போ சி அதில் இயங்கவே மறுத்தது. டாஸ்பாக்ஸ் என்னும் போலி டாஸ் சூழலுக்குள் அதை வைத்துக் காப்பாற்றிக் கொண்டிருந்தார்கள்.

இன்று அவ்விடத்தில் பைத்தான் வந்து அமர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலின் பதினாறாம் அத்தியாயம் பைபிளாட் கொண்டு கோட்டு வரைபடமும் வட்ட வரைபடமும் பட்டை வரைபடமும் வரையக் கற்பிக்கிறது. இதற்கு அடிப்படையான மேட்பிளாட்லிப் என்னும் தொகுப்பை ஆக்கியவர் ஜான் ஹண்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் பார்ப்பதற்காகத் தொடங்கிய வேலை, 2003-இல் உலகுக்கு வெளியாகி, இன்று நாமக்கல்லிலும் ஈரோட்டிலும் பள்ளிப் பிள்ளைகளின் செய்முறைப் பரீட்சை வரையில் வந்திருக்கிறது. இத்தொகுப்பின் ஸ்வபாவம், வரையச் சொன்னவுடன் வரைவதன்று. சொன்னவற்றையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டு, 'ஷோ' என்று கட்டளையிட்ட பிறகே சாளரம் திறப்பது. அந்த ஒரு சொல்லை விட்டால் நிரல் பிழையின்றி ஓடி முடியும், படம் மட்டும் வராது. 'ஷோ' இட்டாலும் ஒன்று நினைவில் இருத்தல் வேண்டும்: சாளரத்தை மூடும்வரை அடுத்த வரி ஓடாது, மூடிய பின்னரோ அப்படமே நிரலின் கையைவிட்டுப் போய்விடுகிறது. ஆகவே படத்தைக் காட்டிவிட்டுப் பிறகு கோப்பில் சேமிக்கச் சொன்னால், தொகுப்பு புதிதாக ஒரு வெற்றுப் படத்தை எடுத்து அதைச் சேமிக்கும். கண்ணால் பார்த்த படம் கோப்பில் வெள்ளையாகக் கிடப்பதைக் கண்டு, கணிப்பொறிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மாணவர் முடிவு கட்டுவது இயற்கை. சேமிக்கும் வரி காட்டும் வரிக்கு முன்னே வந்தால் போதும்.

இன்னொரு விநோதமும் இங்கே உண்டு. கோட்டு வரைபடத்துக்கு ஒரே ஒரு புள்ளியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அச்சுகள் வரும், எண்கள் வரும், கோடு வராது. ஒரு புள்ளியை எதனோடு இணைத்துக் கோடு போடுவது? தொகுப்பு தனக்கிட்ட வேலையைச் சரியாகவே செய்துவிட்டது. கோடு கேட்டோம், கோட்டுக்கு இடமில்லாமற் போயிற்று. புள்ளிக்குக் குறியிடச் சொல்லியிருந்தால் தோன்றியிருக்கும்.

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தின் வழியாக லினக்ஸை முதன்முதல் கண்ட மாணவர்களும் இப்பக்கத்தில் உண்டு. டெபியன் வழிவந்த லினக்ஸ் வகைகளில் ஒரு நுட்பமான தடை இருக்கிறது. அங்கே பைத்தான் இருக்கும். சாளரம் திறக்கும் டிகே என்னும் உறுப்பு மட்டும் தனிப் பொதியாக இருக்கும், நாமாக நிறுவ வேண்டும். அது இல்லையென்றால் மேட்பிளாட்லிப், சாளரம் திறக்கத் தெரியாத, கோப்பில் மட்டும் வரையத் தெரிந்த ஆக் என்னும் பின்புலத்துக்கு மாறிக்கொண்டு, படத்தைக் காட்ட இயலாது என்று ஒரு வரி எச்சரிக்கையை முனையத்தில் எழுதிவிட்டு மேலே செல்லும். அந்த ஒரு வரியைப் படிப்பவர் ஐந்து நிமிஷத்தில் காரியத்தை முடித்துக்கொள்வார். படியாதவர் கடைக்குப் போவார்.

பாடநூலைக் கடந்து, டிகேயைப் பைத்தானிலிருந்து ஆளும் டிகின்டரைக் கொண்டு தாமே ஒரு சாளரம் அமைத்து, அதில் பள்ளியின் இலச்சினையையோ தம் நிழற்படத்தையோ காட்ட முயலும் மாணவருக்கு நேரும் பிழையே இவ்வகையில் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் ஒரு சார்பு எழுதி, அதனுள் படத்தை ஏற்றி, 'லேபிள்' எனப்படும் ஒரு பெயர்ச்சீட்டில் வைத்து, சாளரத்தில் பொருத்துகிறார். சாளரம் திறக்கிறது, படம் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. அதே வரிகளைச் சார்புக்கு வெளியே எடுத்து வைத்தால் படம் வந்துவிடுகிறது. சார்புக்குள் வைத்து, செய்திகளை வாங்கும் முடிவற்ற சுற்றாகிய 'மெயின்லூப்' என்பதையும் அதே சார்புக்குள் தொடங்கினாலும் வந்துவிடுகிறது. இது மாயமன்று. பாடநூலின் மூன்றாம் அத்தியாயம் மாறிகளின் வரையெல்லையைப் பற்றியது. சார்புக்குள் பிறந்த மாறி, சார்பு முடிந்தவுடன் மடியும் என்று அதில் படித்திருக்கிறார். டிகின்டரில் படத்தைத் தாங்கி நிற்பது பைத்தானின் ஒரு பொருள். பெயர்ச்சீட்டு அப்படத்தின் பெயரை மட்டுமே அறியும். சார்பு முடிந்து மாறி மடிந்ததும், அப்பொருளை யாரும் பற்றியிருக்கவில்லை என்று கண்ட பைத்தான் அதை நீக்குகிறது; நீங்கும்போது அது டிகேயிடமும் படத்தை அழிக்கச் சொல்லிவிட்டே நீங்குகிறது. 'மெயின்லூப்' சார்புக்குள்ளேயே ஓடினால், சார்பு இன்னும் முடியவில்லை, மாறி இன்னும் மடியவில்லை. உயிரோடு இருக்கும் வேறொரு பொருளில், அந்தப் பெயர்ச்சீட்டின் பண்பாகவேனும், படத்தை ஒருமுறை பற்றி வைத்துவிட்டால் குறை நிவர்த்தியாகும்.

இதில் துப்பறிவோர்க்கு ஒரு தடயமும் இருக்கிறது. இவ்வாறு அழிந்த படம் தன் அளவை விட்டுச்செல்கிறது: நூறு புள்ளி அகலப் படமாயின் நூறு புள்ளி அகல வெற்றிடம் இருக்கும். வெற்றிடம் படத்தின் அளவிலேயே இருந்தால், படம் வந்து பின் போயிற்று என்று கொள்க. வெற்றிடமே இல்லையென்றால், பெயர்ச்சீட்டைச் சாளரத்தில் பொருத்தவே மறந்திருக்கக்கூடும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த வரையெல்லை விதியை, ஒரு பொருள் இறந்ததைக் கண்ணெதிரே காட்டி மெய்ப்பிக்கும் இந்தப் பிழையைவிடச் சிறந்த உபாத்தியாயர் அந்த அத்தியாயத்துக்குக் கிடைக்கமாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

இனி, நிரல் எழுதாதவர்களின் துயரத்துக்கு வருவோம். பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன கோவையின் பட்டறைகளில், பம்பின் சுழலியை முப்பரிமாணத்தில் வரைந்து பார்த்த பின்னரே வார்ப்புக்கு அனுப்புகிறார்கள். ஒரு நாள் காலையில் பட்டைகளும் பொத்தான்களும் வழக்கம்போல் வருகின்றன. முப்பரிமாண உருவம் மட்டும் வராமல் கருமையாக இருக்கிறது. இதற்குக் காரணம், ஒரே சாளரத்துக்குள் இரண்டு பாதைகள் இருப்பது. பொத்தான்கள் இயங்குதளத்தின் சாதாரண வரைபாதையில் வருகின்றன. முப்பரிமாண உருவம், 1992-இல் சிலிகன் கிராஃபிக்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட ஓப்பன்ஜிஎல் போன்ற நியமங்களின் வழியே, வரைகலை அட்டையின் இயக்கியைக் கடந்து வருகிறது. அட்டை செய்தவரின் இயக்கி இல்லாதபோது விண்டோஸ் தன்னிடமுள்ள பழைய ஓப்பன்ஜிஎல் 1.1-ஐக் கொடுக்கும், புதிய பதிப்பை வேண்டும் நிரலுக்கு அது போதாது. விண்டோஸை அழித்து மறுபடி போட்டவுடன் இந்நிலை நேர்வது சகஜம். ஆதியில் சொன்ன பரிகாரமே இங்கே வியாதியாகிறது. வீட்டிலிருந்தபடி தொலைவழியே பட்டறைக் கணிப்பொறியில் நுழையும்போதும், இரண்டு வரைகலைச் சில்லுகள் உள்ள மடிக்கணினியில் நிரல் எளிய சில்லின்மேல் ஓடும்போதும் இவ்வாறே ஆகலாம். சாலிட்வொர்க்ஸ் முதலிய நிரல்களில் அட்டையின் உதவியின்றி மென்பொருளாலேயே வரையும் தெரிவு ஒன்று உண்டு. அதை இட்டதும் உருவம் வந்துவிட்டால், குற்றம் அட்டையின் பக்கமோ இயக்கியின் பக்கமோ என்பது உறுதி. எந்த வரைபடமும் திறந்திராதபோதுதான் அத்தெரிவை மாற்ற முடியும் என்பதை அறியாமல், அது மங்கிக் கிடக்கிறது என்று கைவிட்டவர்கள் உண்டு.

காலையில் நன்றாக இருந்து மாலையில் பாதிப் பொத்தான்கள் மறையும் நிரலும் உண்டு. விண்டோஸ் ஒவ்வொரு நிரலுக்கும் தூரிகை, எழுத்துரு, புள்ளிப்படம் முதலிய வரைபொருள்கள் இயல்பாகப் பத்தாயிரம் வரையில்தான் தரும். எடுத்ததைத் திருப்பித் தராத நிரல் அந்த எல்லையைத் தொட்டவுடன் வரைய இயலாமற் போகிறது. மூடித் திறந்தால் சரியாகும், மறுநாள் மாலை மறுபடி வரும். இதற்கு மருந்து நிரலை எழுதியவரிடமே இருக்கிறது.

இத்தனை காரணங்களுள் நம்முடையது எது என்று காண்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். பவானிசாகரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானிக் கால்வாயின் கடைமடையில் தண்ணீர் வராத உழவர், அணையையும் கால்வாயையும் ஒருங்கே சந்தேகிப்பதில்லை. இடையில் ஒரு மதகைப் போய்ப் பார்க்கிறார். அங்கே நீர் இருந்தால் அடைப்பு கீழே, இல்லையென்றால் மேலே. சித்திரத்துக்கும் அப்படியே. முதலில், படத்துக்குப் பதிலாக வெறும் சிவப்புச் சதுரம் ஒன்றை வரையச் சொல்லுங்கள். சிவப்பு தோன்றினால் பாதை திறந்திருக்கிறது, குற்றம் படத்திலோ அதன் முகவரியிலோதான். சிவப்பும் தோன்றாவிட்டால் படத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்து, திரைக்குப் பதிலாகக் கோப்பில் வரையச் சொல்லுங்கள். கோப்பில் ஒழுங்காக இருந்தால் கணக்கு சரி, சாளரமே பிழை. பிறகு சாளரத்தின் விளிம்பைப் பிடித்துச் சற்றே பெரிதாக்குங்கள். அதுவரை இல்லாத படம் அப்போது தோன்றினால், நிரல் வரைய அறிந்திருக்கிறது, வரையச் சொல்வார்தான் இல்லாதிருந்தார் என்று தெளியலாம். இருந்த படம் அப்போது மறைந்தால், ஒருமுறை வரைந்துவிட்டு அதையே நம்பிய பழைய குற்றம். அளவு மாற்றவே முடியாமல் சாளரம் விறைத்து நின்றால், நிரல் வேறு கணக்கில் மூழ்கியிருக்கிறது. வெள்ளையின்மேல் வெள்ளையால் வரைந்ததும், மூலப்புள்ளி மேல் இடது மூலையில் இருப்பதையும் கீழ்நோக்கிப் போகப் போக எண் கூடுவதையும் மறந்து சாளரத்துக்கு வெளியே வரைந்ததும் சிறு பிழைகளே ஆயினும், அவற்றால் வீணான மாலைப்பொழுதுகள் சிறியவை அல்ல.

நம் பள்ளிகளின் செய்முறைக் குறிப்பேட்டில் நிரலும் அதன் விடையாகிய படமும் மட்டுமே இடம்பெறுகின்றன. படம் வராத நாள் அதில் எங்கும் பதிவதில்லை. அப்பதினாறாம் அத்தியாயத்தை நடத்தும் ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் இது: அடுத்த முறை ஒரு மாணவியின் சாளரம் வெறுமையாய்த் திறக்கும்போது, உடனே திருத்திக் கொடுத்துவிடாமல், சிவப்புச் சதுரத்தையும் கோப்பையும் சாளரத்தின் விளிம்பையும் கொண்டு அவரே தேடட்டும், கண்டுபிடித்ததைக் குறிப்பேட்டில் எழுதட்டும், அந்தப் பக்கத்துக்கும் மதிப்பெண் இடுங்கள்.